கல்பு எனும் நீர்த்தேக்கம்

 

எல்லாப் புகழும் நம்மைப் படைத்து, உணவளித்து, காத்து வரும் அல்லாஹ் சுபுஹானஹு வத்தஆலாவுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நாம் வாழும் ஊரின் பெயரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். புக்கிட் என்றால் குன்று. செந்தோசா என்றால் அமைதி, நிம்மதி. நாம் தமிழில் சொல்லும் சந்தோஷமும் மலாய்க்காரர் சொல்லும் செந்தோசாவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. தோட்டங்கள் பல கைமாறி, லயன் வீடுகள் காலியாகி, சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் வந்து குடியேறிய ஊர் இது. அவர்களுக்குப் பின்னாலேயே அரிசி மூட்டையும் மசாலைத் தூளும் துணிக் கட்டுமாக நம் வியாபாரிகளும் வந்து சேர்ந்தோம். அமைதிக் குன்றின் மீது வீடு கட்டியிருக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் இரவில் கடையை அடைத்து, கல்லாவை எண்ணி முடித்து, தலையணையில் தலை வைக்கும்போது, அந்தச் செந்தோசா நம் நெஞ்சிலும் இருக்கிறதா? இதைத்தான் இன்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இருதயம் கண்ணுக்குத் தெரியாத பொருள். நாம் சொல்வது நெஞ்சுக் கூட்டுக்குள் துடிக்கும் சதையை அல்ல. நினைக்கிற, விரும்புகிற, கோபிக்கிற, வருந்துகிற அந்தக் கல்பைச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாததை விளக்க மனிதன் எப்போதும் தன் கையால் செய்த பொருளையே உவமையாக எடுத்திருக்கிறான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஞானி டெக்கார்ட், அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுக் குழாய்களை மனிதனுடைய நரம்புகளுக்கு ஒப்பிட்டார். நீராவி எஞ்சின் வந்த பிறகு, மனம் என்பது அடைத்து வைத்த கொதிகலன் என்றார்கள். டெலிபோன் வந்தபோது மூளை ஓர் எக்ஸ்சேஞ்சு ஆயிற்று. இன்று அதைக் கம்ப்யூட்டர் என்கிறார்கள். நாளை வேறொன்று சொல்லுவார்கள்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஓர் எஞ்சினீயரின் கண்கொண்டு கல்பைப் பார்த்தார்கள். 1058ஆம் ஆண்டில் பாரசீக நாட்டுத் தூஸ் நகரில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் பேராசிரியர் பதவி வகித்து, 1095இல் அந்தப் பதவியையும் புகழையும் உதறிவிட்டுத் தம் உள்ளத்தைச் சீர்படுத்தப் புறப்பட்ட மேதை அவர்கள். 1111ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள். அவர்களுடைய இஹ்யா உலூமித்தீன் என்ற பெருநூலில் கல்பின் விந்தைகளைப் பற்றி ஒரு பாகம் உண்டு. அதிலே அவர்கள் கல்பை ஒரு நீர்த்தேக்கத்துக்கு ஒப்பிடுகிறார்கள். அத்தேக்கத்துக்கு வெளியிலிருந்து கால்வாய்கள் வழியே தண்ணீர் வந்து சேரும். கண், காது முதலிய ஐம்புலன்களே அக்கால்வாய்கள். மற்றொரு வழியும் உண்டு. கால்வாய்களை அடைத்துவிட்டு, அடியிலுள்ள மண்ணைத் தோண்டி அள்ளினால், அடியிலிருந்தே ஊற்று சுரக்கும். அது தெளிவானது, வற்றாதது. இதுதான் அந்த உவமையின் கருத்து.

இமாம் அவர்கள் தம் நாட்டுத் தேக்கத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள். நமக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் வாசலருகே ஓர் ஆறு ஓடுகிறது. அந்தச் சிலாங்கூர் ஆறே நமக்குப் பாடம் சொல்லப் போதுமானது.

நம் ஊரிலிருந்து வடகிழக்கே மலையடிவாரத்தை நோக்கிப் போனால் கோல குபு பாரு வருகிறது. ‘பாரு’ என்றால் புதியது. புதியது ஒன்று இருந்தால் பழையது ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? இருந்தது. பழைய கோல குபு ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத் தொழிலால் செழித்த பட்டணம். அதற்கு மேலே, சுரங்க வேலைக்காக மலாய் மக்கள் முற்காலத்தில் கட்டிய ஒரு பழைய அணை இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த அணை உடைந்தது. தேங்கிக் கிடந்த நீர் முழுதும் பட்டணத்தின் மீது பாய்ந்தது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ராங்கிங் என்ற ஆங்கிலேயர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆற்றில் இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால் வந்த வினை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே விட்டுவிடுவோம். அணை உடைந்த அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றுதான் பெயர். உடைந்த அணை என்று பொருள். நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த ஒரு நாளின் பெயர் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

சகோதரர்களே! ஒரு நாளின் கோபம் ஒரு குடும்பத்தின் மீது அப்படித்தான் பெயர் எழுதிவிட்டுப் போகிறது. இன்னார் வீட்டில் இன்ன நாளில் இன்ன வார்த்தை சொல்லப்பட்டது என்று பேரப்பிள்ளைகள் வரை பேசுகிறார்கள். சொன்னவர் கபுருக்குப் போன பின்னும் சொன்ன சொல் கபுருக்குப் போவதில்லை.

ஆனால் கோல குபுவின் சரித்திரம் 1883உடன் முடிந்துவிடவில்லை. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வெள்ளம் வடிந்தது, மக்கள் திரும்பி வந்தார்கள், கடைகள் மறுபடி எழும்பின, ரயில் வந்தது, வியாபாரம் நடந்தது. உடைந்த அணையால் அந்த ஊர் சாகவில்லை. அதைக் கொன்றது வண்டல். மேலே சுரங்கங்களில் மண்ணைக் கழுவிக் கழுவி ஆற்றில் விட்டார்கள். அந்த மணலும் சேறும் சத்தமில்லாமல் வந்து ஆற்றுப் படுகையில் படிந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. முன்னே கரைக்குள் அடங்கிப் போன மழைநீர் இப்போது தெருவுக்குள் வந்தது. எத்தனை முறை கழுவி விடுவது? 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்றாயிற்று. 1930களின் தொடக்கத்தில் பட்டணமே மேட்டு நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. அதுதான் இன்றைய கோல குபு பாரு.

ஆக, அணை உடைந்தபோது அந்த ஊர் பிழைத்துக்கொண்டது; வண்டல் படிந்தபோது பிழைக்கவில்லை.

இது எதனால் என்று நீர்ப்பாசன எஞ்சினீயர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார். நூறு படி கொள்ளும் பாத்திரத்தில் அறுபது படி மண் கிடந்தால், நாற்பது படித் தண்ணீர் ஊற்றிய உடனேயே அது வழியத் தொடங்கும். பார்க்கிறவன், ‘என்ன இது, இவ்வளவு கொஞ்சம் தண்ணீருக்கே வழிகிறதே!’ என்று தண்ணீரைக் குறை சொல்லுவான். தவறு தண்ணீரில் இல்லை. அடியில் கிடக்கும் மண்ணில் இருக்கிறது. மண்ணால் கட்டிய கரையின் மீது தண்ணீர் வழிந்தால், வழிகிற தண்ணீரே கரையை அரித்துத் தின்றுவிடும். எனவே தூர் வாராத தேக்கத்துக்குப் பெருமழை வேண்டியதில்லை. சாதாரண மழையே அதற்குப் பிரளயம்.

ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் இந்த உண்மையைப் பாடசாலையில் படிக்கவில்லை. கண்மாய்க் கரையில் கண்டார்கள். மழை குறைந்த அந்த வறண்ட பூமியில் கண்மாய்தான் உயிர். தண்ணீர் விடுவதற்கு மடை. மிஞ்சியது வெளியேறுவதற்குக் கலுங்கு. கோடையில் வற்றியதும் ஊர் கூடி வண்டலை அள்ளிக் கரையைப் பலப்படுத்துவதற்குக் குடிமராமத்து. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்த கண்மாய் தலைமுறை தலைமுறையாய் நின்றது. ஒன்று தவறினாலும் கரை நிற்காது. மடையும் கலுங்கும் தூர் வாரலும் கண்மாய்க்கு வேண்டுமென்றால், கல்புக்கு வேண்டாமா?

இப்போது நம் தொழிலுக்கு வருவோம். வியாபாரியின் கல்பில் படிகிற வண்டல் எது?

பெரிய பாவங்களை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். கொலை, களவு, குடி என்றால் நடுங்குகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வண்டல் பாறையாக உருண்டு வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலங்கல் நீரோடு வருகிறது. தராசில் சில கிராம். ‘இது வாங்கின விலைக்கே கொடுக்கிறேன், சத்தியமாக’ என்று வாய் தவறாமல் வருகிற ஒரு பொய்ச் சத்தியம். பழைய சரக்கின் மேல் புதிய சரக்கைப் பரப்பி வைப்பது. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துத் தாய் ஒருத்தி நம்மை நம்பிக் கொடுத்த 555 புத்தகத்தில், அவள் வாங்காத ஒரு சாமானைச் சேர்த்து எழுதியது. கூட்டாளிக்குச் சொல்லாமல் கல்லாவிலிருந்து எடுத்த ஐந்து வெள்ளி. இவற்றில் ஒன்றுகூட ஒரு நாள் தூக்கத்தைக் கெடுக்காது. அதுதான் இதிலுள்ள அபாயம்.

திருக்குர்ஆனில் 83ஆவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். முதஃப்பிபீன் என்பது அதன் பெயர்; அளவையில் மோசம் செய்வோர் என்று பொருள். தங்களுக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடுதான் என்று எச்சரித்து அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அதே அத்தியாயத்தின் 14ஆவது ஆயத்தில், மனிதர்கள் சம்பாதித்துக்கொண்டவை அவர்களுடைய இருதயங்களின் மேல் துருவாகப் படிந்துவிட்டதாக அல்லாஹ் அறிவிக்கிறான். தராசில் தொடங்கிய பேச்சு, பதினான்கே ஆயத்துகளில் இருதயத்தின் துருவில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? கடைக்கும் கல்புக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்!

பெருமானார் (ஸல்) அவர்கள் இதையே நமக்கு இன்னும் எளிதாக்கிக் காட்டினார்கள். அடியான் ஒரு பாவம் செய்யும்போது அவன் கல்பில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. தௌபாச் செய்து விலகினால் அது துடைக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் செய்தால் புள்ளி பெருகிக் கல்பையே மூடிவிடுகிறது என்ற கருத்தில் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒருமுறை மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் தம் முபாரக்கான கையை நுழைத்தார்கள்; உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்கிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் கண்டித்தார்கள். நம் கடையில் அந்தக் கை நுழைந்தால் எத்தனை மூட்டைகளில் ஈரம் தட்டும்? நம் நெஞ்சுக்குள் நுழைந்தால்?

இந்த வட்டாரத்தில் நாம் நேரில் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். காக்காவும் தம்பியுமாக இருவர். வாப்பா விட்டுப் போன மளிகைக் கடையை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் பற்றுக்குச் சாமான் போட்டு, சம்பள நாளன்று வசூல் செய்து, நல்ல பேர் எடுத்த கடை. ஒரு நாள் நாற்பது வெள்ளிக் கணக்கு ஒன்று நேராகவில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் வார்த்தை தடித்தது. காக்கா தம்பியைக் கள்ளன் என்றார். தம்பி, உம்மாவை இழுத்து ஒரு சொல் சொல்லிவிட்டார். அன்றே கடை இரண்டாயிற்று. ஏழு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே பள்ளியில் ஜும்ஆவுக்கு வருவார்கள். ஒருவர் முதல் ஸப்பில் நின்றால் மற்றவர் கடைசி ஸப்பில் நிற்பார். மூன்று நாளைக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற நபிமொழியை இருவரும் நன்றாக அறிவார்கள். அறிந்தும் ஏழு வருஷம்.

நாற்பது வெள்ளிக்கா இவ்வளவு? ஊரார் அப்படித்தான் வியந்தார்கள். பிற்பாடு காக்காவே எம்மிடம் சொன்னார்: “அந்த நாற்பது வெள்ளி ஒரு சாக்கு. அதற்கு முந்திப் பல வருஷமாகப் பிள்ளைகள் படிப்புச் செலவுக்கென்று கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்தேன்; எழுதவில்லை. அவனும் தன் மச்சான் வீட்டுக்குச் சாமான் அனுப்பினான், எழுதவில்லை. அவனுக்கு என்னுடையது தெரியும். எனக்கு அவனுடையது தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை.” இதைவிடத் தெளிவாக எந்த எஞ்சினீயரும் சொல்ல முடியாது. பல வருஷ வண்டல்; அதன் மேல் ஒரு நாள் மழை.

பிறகு என்ன நடந்தது? உம்மாவின் ஆண்டுப் பாத்திஹா நெருங்கிய சமயத்தில், காக்கா ஒரு தாளை எடுத்துத் தம் நினைவுக்கு எட்டிய வரை எடுத்த தொகைகளை எல்லாம் எழுதினார். அஸருக்கு முன்னால், கூட்டமில்லாத நேரம் பார்த்துத் தம்பியின் கடைக்குப் போனார். ஸலாம் சொல்லித் தாளை மேசையில் வைத்தார். தம்பி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நானும் இப்படி ஒரு தாள் எழுத வேண்டியது உண்டு, காக்கா. ஒரு வாரம் தவணை கொடுங்கள்” என்றாராம். கடை மறுபடி ஒன்றாகவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் இப்போது ஒரே ஸப்பில் நிற்கிறார்கள். இடையில் கழிந்த ஏழு வருஷம் மட்டும் இருவருக்கும் திரும்பி வராது.

சகோதரர்களே! உடைந்த பின் கட்டுவதைவிட, உடையுமுன் தூர் வாருவது எளிது. நம் மார்க்கம் அதற்கான ஏற்பாடுகளையெல்லாம் முன்கூட்டியே நம் கையில் கொடுத்திருக்கிறது.

முதலாவது, எழுதுங்கள். திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது ஆயத்து. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், எழுதுகிறவன் நீதமாக எழுத வேண்டும் என்று ஒரு கணக்கப்பிள்ளைக்குச் சொல்லுவது போல் அல்லாஹ் விவரிக்கிறான். ஏன் இவ்வளவு விரிவு? எழுதாத கணக்கு மனத்தில் எழுதப்படுகிறது. மனத்தில் எழுதியது ஒவ்வோர் இரவும் வளருகிறது. அண்ணன் தம்பியாயிற்றே, எழுதினால் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதீர்கள். எழுதுவது அவநம்பிக்கையல்ல, சொந்தத்தைக் காப்பாற்றும் கரை அது. இதற்கு முந்திய 280ஆவது ஆயத்தில், கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படியும், தள்ளுபடி செய்வது அதைவிட நன்மை என்றும் சொல்லப்பட்டிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. வேலை இழந்த தொழிலாளியின் பற்றுப் புத்தகம் உங்கள் மேசையில் கிடக்கும்போது அந்த ஆயத்து உங்களோடுதான் பேசுகிறது.

இரண்டாவது, கலுங்கை அடைக்காதீர்கள். மிஞ்சிய தண்ணீருக்கு வழி வேண்டும். கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் சாய்ந்துகொள்ளவும் பெருமானார் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ஒளுச் செய்யும்படியும் ஹதீஸ் வந்திருக்கிறது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்ற கருத்தையும் போதித்தார்கள். ஐந்து நேரத் தொழுகை என்ன செய்கிறது என்று நினைக்கிறீர்கள்? கடைவீதியின் பரபரப்பு நெஞ்சில் ஏறிக்கொண்டே போகாதபடி, சிறுகச் சிறுக அன்றன்றே இறக்கிவிடுகிறது. லுஹரை அஸரோடும் அஸரை மஃரிபோடும் தள்ளிக்கொண்டே போகிறவர், கலுங்கின் வாயில் மண் மூட்டை அடுக்குகிறார். வாடிக்கையாளர் காத்திருப்பார், வெள்ளம் காத்திராது.

செல்வத்துக்கும் ஒரு கலுங்கு உண்டு. ஸக்காத் என்ற சொல்லுக்கே தூய்மை, வளர்ச்சி என்ற இரு பொருள் சொல்லுவார்கள். ராமநாதபுரத்தில் ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் வீணாகக் கடலுக்குப் போவதில்லை. சங்கிலித் தொடராக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மேல் கண்மாய்க்கு அது பாதுகாப்பு. கீழ்க் கண்மாய்க்கு அது வாழ்வு. நம் ஸக்காத்தும் ஸதக்காவும் அப்படிப் போக வேண்டும்.

மூன்றாவது, வரத்துக் கால்வாயைக் காவல் செய்யுங்கள். கோல குபு பாருவுக்கு மேலே இன்று 110 மீட்டர் உயரமுள்ள சிலாங்கூர் ஆற்று அணை நிற்கிறது. 2000களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 23 கோடி கன மீட்டர் நீர் கொள்ளக்கூடியது. இவ்வளவு பெரிய ஏற்பாடு இருந்தும், 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கலந்த ஒரு கழிவின் நாற்றம் காரணமாக, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. சுமார் 12 இலட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. நம்மில் பலர் வாளியோடு நின்றோமே, நினைவிருக்கிறதா? மலை போன்ற அணை என்ன செய்யும், ஓடை வழியே விஷம் வந்தால்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன ஐந்து கால்வாய்களில் நாம் எதை விட்டுக்கொண்டிருக்கிறோம்? பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிய புறம் காது வழியே வருகிறது. கைப்பேசியில் ஆகாத காட்சிகள் கண் வழியே வருகின்றன. கடைக்குள் வரும் சரக்கை மூட்டை மூட்டையாய்ச் சோதிக்கிற நாம், கல்புக்குள் வரும் சரக்கைச் சோதிக்காமல் இறக்கிக்கொள்ளலாமா?

நான்காவது, தினமும் தூர் வாருங்கள். பாவமே இல்லாத பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாளில் எழுபது தடவைக்கு மேல் இஸ்திஃபார் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நாம் கல்லாவை இரவில் ஒரு முறையாவது எண்ணுகிறோம், கல்பை எண்ணுவதேயில்லை. மறுமையில் நம்மிடம் கணக்குக் கேட்கப்படுமுன், இங்கேயே நாம் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லதல்லவா? இரவில் பேரேட்டை மூடியதும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்கள். இன்று யாருக்குக் குறைத்தேன்? யாரை நோகச் செய்தேன்? யார் மேல் குரோதம் வைத்தேன்? அல்லாஹ்வுக்கும் நமக்கும் உள்ளதை அழுது கேட்டால் அவன் மன்னிப்பான். ஆனால் மனிதருக்குச் சேர வேண்டியதை மனிதரிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காக்கா கொண்டுபோன தாளைப் போல.

நிற்க. உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதன் அணையல்ல, யந்திரமுமல்ல. அணை தானாக உடைகிறது; அதன் மேல் கேள்வி இல்லை. மனிதன் மேல் கேள்வி உண்டு. அணை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளாது. மனிதன் தௌபாவினால் ஒரே இரவில் புதியவனாகலாம். கண்மாயின் ஆழத்தை யாரும் கோலிட்டு அளக்கலாம். கல்பின் ஆழத்தை அதைப் படைத்தவன் ஒருவனே அறிவான். ஆதலால் பிறருடைய கல்பில் எவ்வளவு வண்டல் கிடக்கிறதென்று அளக்கக் கோல் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். இந்த உவமை அவரவர் தம்மைப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இந்த ஆறு நம்மோடு நிற்பதில்லை என்பதையும் நினையுங்கள். மலையில் பிறந்து, நம் வட்டாரத்தைக் கடந்து, தோட்டங்களின் ஓரமாய்ப் போய், கம்போங் குவாந்தானில் மின்மினிகள் ஒளிரும் மரங்களின் காலடியை நனைத்து, கோல சிலாங்கூரில் கடலில் சேருகிறது. மேலே நாம் கலக்கினால், கீழே இருப்பவர்தாம் கலங்கல் குடிக்கிறார்கள். நம் கல்பின் கீழ்க்கரையில் இருப்பவர்கள் யார்? நம் மனைவி மக்கள். கடையில் நாம் அடக்கத் தவறியது அவர்கள் மேல்தான் போய்க் கொட்டுகிறது.

திருமறை மூன்று விதமான நப்ஸுகளைக் கூறுகிறது. தீமையை ஏவுகிற நப்ஸு அம்மாரா. செய்த தவறுக்காகத் தன்னையே கடிந்துகொள்கிற நப்ஸு லவ்வாமா. இறைவனிடம் திருப்தியுற்று அடங்கிய நப்ஸு முத்மஇன்னா. உங்கள் நெஞ்சு இதைப் படித்து இப்போது சற்றே உறுத்தினால், வருந்த வேண்டாம், மகிழுங்கள். நீர்மட்டம் ஏறுகிறதென்று அளவுகல் காட்டுகிறது. அளவுகல்லே புதைந்து போனவனுக்குத்தான் பயம். கடைசியாகச் சொன்ன அந்த முத்மஇன்னாதான் மெய்யான செந்தோசா. அது குன்றின் மேல் விலைக்குக் கிடைப்பதில்லை. அடியிலுள்ள மண்ணை அள்ள அள்ள, உள்ளேயிருந்து ஊறி வருவது.

நம்மில் யாருக்கேனும் எழுத வேண்டிய தாள் ஒன்று பாக்கி இருக்குமானால், அடுத்த ஜும்ஆவுக்குள் அதை எழுதிவிடுவோமாக. போக வேண்டிய கடைப் படி ஒன்று பாக்கி இருக்குமானால், அஸருக்கு முன்னால் ஏறிவிடுவோமாக.

யா அல்லாஹ்! எங்கள் தராசுகளை நேராக்கி வைப்பாயாக. எங்கள் கணக்குகளைத் தெளிவாக்குவாயாக. எங்கள் கல்புகளில் படிந்ததைக் கழுவி, உன் நினைவின் ஊற்றை அவற்றில் திறந்துவிடுவாயாக. பிரிந்திருக்கும் சகோதரர்களை ஒரே ஸப்பில் சேர்த்து வைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.